லேப்டாப்பில் ஓடுகிற தளம் சர்வரில் ஏன் தடுமாறுகிறது?

கேட்டவர் காரைக்குடித் தம்பி ஒருவர். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவுக்காக ஜாங்கோ என்ற பைத்தான் சட்டகத்தில் ஒரு தளம் எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் டிசைனைத் தேர்ந்தெடுத்து, சதுர அடிக் கணக்குப் போட்டு, ஆர்டர் கொடுக்கலாம். சித்தப்பா புதுக் கற்களின் படங்களை ஏற்றலாம். லேப்டாப்பில் எல்லாம் சரியாக ஓடுகிறது. 1 ஜிபி ராம் உள்ள உபுண்டு சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, காணொளி பார்த்து என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிரலை நிறுவியிருக்கிறார். முதலில் என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் மட்டும் வந்தது, பிறகு 502 என்ற பிழை வந்தது. ஒருவழியாகத் தளம் தெரிந்தபோது நிறமோ அமைப்போ இல்லாமல் வெறும் எழுத்தாக நின்றது. படம் ஏற்றினால் 413 என்ற பிழை வருகிறது. லேப்டாப்பை மூடினால் தளமும் நின்றுவிடுகிறது. "அண்ணே, எங்கே தப்பு?" என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். என்ஜின்எக்ஸ் உங்கள் நிரலை இயக்கும் என்று எண்ணியிருக்கிறீர்கள். அது இயக்காது. வருகிற கோரிக்கையை வாங்கி, ஏற்கனவே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலிடம் ஒப்படைக்கும். அது தருகிற பதிலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும். அந்த இன்னொரு நிரலைத் தொடங்கி வைப்பதும், விழுந்தால் எழுப்புவதும், அதற்கு எவ்வளவு நினைவகம் கொடுப்பது என்று முடிவு செய்வதும் உங்கள் பொறுப்பு. கேட்கும்போதே பக்கத்தை உருவாக்கித் தரும் டைனமிக் தளத்துக்குச் சர்வர் அமைப்பது என்றால் பாதிக்குமேல் இந்த வேலைதான். காணொளிகளில் கட்டளைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள், இதைச் சொல்வதில்லை. அதனால் நான் கட்டளைகளை எழுத்துக்கு எழுத்துத் தரப்போவதில்லை. எதை ஏன் செய்கிறோம் என்று சொல்கிறேன். அமைப்பின் பெயர் தெரிந்துவிட்டால் ஆவணத்தில் தேடி எடுப்பது ஐந்து நிமிட வேலை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1993-இல் சிஜிஐ முறை வந்தபோது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் வெப் சர்வரே ஒரு நிரலைப் புதிதாகத் தொடங்கி, பதிலை வாங்கி, முடித்துவிடும். பத்துப் பேர் வந்தால் பத்துத் தடவை தொடக்கம். 1995-இல் வந்த அப்பாச்சி, பிற்பாடு பிஎச்பி போன்ற மொழிகளைத் தனக்குள்ளேயே வைத்து ஓட்டும் வசதியைப் பெற்றது. 2004-இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வேறு வழியில் போனது. மிகச் சில செயல்முறைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கையாளும். நேரம் பிடிக்கிற எந்த வேலையையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாது. அதன் வேகத்துக்குக் காரணமும் இதுதான், உங்கள் குழப்பத்துக்குக் காரணமும் இதுதான்.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தாலும் முகப்புத் திண்ணை வரை வரலாம். முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் போக வீட்டாரின் சம்மதம் வேண்டும். அதற்கும் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுக்குள் வெளியாள் போவதே இல்லை. உங்கள் சர்வரில் முகப்பில் இருப்பது என்ஜின்எக்ஸ். வளவில் இருப்பது ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன். இரண்டாம் கட்டில் இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். தெருவைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டிய கதவுகள் 80, 443 என்ற இரண்டு போர்ட்டுகள் மட்டும்தான். உங்களுக்கென்று ஒரு பக்கவாசலாக, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்கான போர்ட் 22. குனிகார்னின் 8000, போஸ்ட்கிரெஸின் 5432 இரண்டும் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே கேட்க வேண்டும். 0.0.0.0 என்று நாலு சுழியம் போட்ட, எல்லோருக்கும் திறந்த முகவரியில் ஓட்டச் சொல்லும் காணொளி எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அது இரண்டாம் கட்டுக் கதவைத் தெருவில் திறந்து வைக்கிற வேலை.

சரி, இப்போது குனிகார்ன். லேப்டாப்பில் நீங்கள் 'ரன்சர்வர்' கட்டளையால் தளத்தை ஓட்டினீர்கள். சர்வரிலும் அதையே எஸ்எஸ்எச் வழியாகத் தட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லேப்டாப்பை மூடியதும் இணைப்பு அறுந்தது, அந்த இணைப்பில் பிறந்த நிரலும் போய்விட்டது. 'ரன்சர்வர்' எழுதும்போது சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே. பொதுப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று ஜாங்கோவின் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. அதற்குப் பதில் குனிகார்னை, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டியிடம் ஒரு சர்வீஸாக ஒப்படையுங்கள். அந்த சர்வீஸ் கோப்பில் நான்கைந்து வரிகள்தான் முக்கியம். எந்தப் பயனராக ஓட வேண்டும் என்பது முதலில். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கூடவே கூடாது, தளத்துக்கென்று ஒரு பயனரை உருவாக்குங்கள். எந்தக் கோப்புறையில் நின்று ஓட வேண்டும் என்பது அடுத்தது. ரகசியச் சாவியும் தரவுத்தளக் கடவுச்சொல்லும் எந்தச் சூழல் கோப்பில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். குனிகார்னின் முழுப் பாதையைக் கொடுங்கள். தளத்துக்கான பைத்தான் தொகுதிகளைத் தனியே வைத்திருக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் இருக்கும் குனிகார்னையே குறிப்பிட வேண்டும், வெறும் பெயர் போதாது. கடைசியாக, விழுந்தால் மறுபடி தொடங்கு என்ற வரி.

இதில் நிறையப் பேர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 'ஸ்டார்ட்' என்றால் இப்போது தொடங்கும், அவ்வளவுதான். 'எனேபிள்' என்று தனியாகச் சொன்னால்தான் சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது தானாக எழும். இரண்டையும் செய்துவிட்டு, துணிந்து சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். நீங்கள் எதையும் தொடாமல் தளம் திரும்பி வந்தால் அந்தப் பகுதி முடிந்தது. தளம் பொதுமக்களுக்குத் திறக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களுக்காகச் சர்வர் என்றைக்காவது மறுதொடக்கம் ஆகத்தான் போகிறது. அன்று நீங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம்.

குனிகார்னில் எத்தனை வேலையாட்களை வைப்பது? செயலி மையங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்பது குனிகார்ன் ஆவணம் தரும் தொடக்கக் கணக்கு. உங்கள் சர்வரில் ஒரு மையம், ஆக மூன்று வேலையாட்கள். ஆனால் உங்களிடம் ராம் 1 ஜிபிதான். போஸ்ட்கிரெஸும் அதே சர்வரில் இருக்கிறது. நான் பார்த்த வரை ஜாங்கோ வேலையாள் ஒன்று 60 முதல் 120 எம்பி வரை பிடிக்கும். படங்களைச் சிறிதாக்கும் வேலையை அதற்குள்ளேயே செய்தால் அந்த நேரத்தில் இன்னும் ஏறும். அதனால் இரண்டில் தொடங்குங்கள். ராம் போதாதபோது வட்டில் இடம் தரும் ஸ்வாப் கோப்பும் 1 அல்லது 2 ஜிபி அளவில் போட்டுவைத்துவிடுங்கள். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் எதையாவது கொன்று இடம் பிடிக்கும். பெரும்பாலும் கொழுத்த செயல்முறையைத்தான் அது தேர்ந்தெடுக்கும். அது உங்கள் தரவுத்தளமாகவே இருக்கலாம்.

இப்போது என்ஜின்எக்ஸ். வரவேற்புப் பக்கம் மட்டும் வந்தது ஏன் என்றால், 'சைட்ஸ் எனேபிள்டு' கோப்புறையில் 'டீஃபால்ட்' என்ற பெயரில் ஏற்கனவே ஓர் இணைப்பு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எழுதிய கோப்பு 'சைட்ஸ் அவெய்லபிள்' கோப்புறையில் கிடந்தால் போதாது. அதற்கு சிம்லிங்க் எனும் ஒரு குறுக்கிணைப்பை 'எனேபிள்டு' பக்கம் போட வேண்டும், டீஃபால்டை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். உங்கள் கோப்பில் 'சர்வர் நேம்' என்ற இடத்தில் தளத்தின் பெயர், டபிள்யூ மூன்றும் சேர்ந்தது, சேராதது இரண்டும் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதலில் என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளை, அது சரி என்றால் மட்டும் 'ரீலோட்'. 'ரீஸ்டார்ட்' செய்யும் பழக்கம் வேண்டாம். கோப்பில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால், ரீலோட் பழைய அமைப்பிலேயே தொடர்ந்து ஓடும்; ரீஸ்டார்ட் செய்தால் தளம் படுத்துவிடும்.

கோரிக்கையை உள்ளே அனுப்புவது 'ப்ராக்ஸி பாஸ்' என்ற ஒரே வரி. ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் கோப்பான யூனிக்ஸ் சாக்கெட் வழியாகவும் அனுப்பலாம், 127.0.0.1:8000 வழியாகவும் அனுப்பலாம். சாக்கெட் கொஞ்சம் வேகம்தான், ஆனால் முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் 8000 போர்ட்டையே சொல்வேன். சாக்கெட் கோப்பின் அனுமதி சரியில்லாமல் 502 வந்து இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய உண்டு. ஒரு பட்டறைத் தளத்துக்கு அந்த வேக வித்தியாசம் தெரியவே தெரியாது.

அந்த ஒரு வரியோடு ஹெடர் எனப்படும் மூன்று தலைப்புகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். முதலாவது 'ஹோஸ்ட்'. இதைச் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் தன் பாட்டுக்கு உள்முகவரியையே ஹோஸ்ட் என்று அனுப்பும்; ஜாங்கோ ஏற்கத்தக்க தளப்பெயர்களின் 'அலவ்டு ஹோஸ்ட்ஸ்' பட்டியலைப் பார்த்துவிட்டு 400 என்ற பிழையைத் திருப்பிவிடும். இரண்டாவது, வந்தவரின் உண்மையான ஐபி முகவரி. மூன்றாவது, வெளியே அவர் எச்டிடிபிஎஸ்ஸில் வந்தாரா என்ற செய்தி. முகப்புக்கும் வளவுக்கும் நடுவே சாதாரண எச்டிடிபிதான் ஓடுகிறது. அதனால் நீங்கள் சொல்லாமல் ஜாங்கோவுக்கு அது தெரியாது. தெரியாவிட்டால் என்ன ஆகும்? எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும் அமைப்பை ஜாங்கோவில் இயக்கிய உடனே, பக்கம் தன்னையே சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு நிற்கும். ஜாங்கோவின் அமைப்பில் அந்தத் தலைப்பை நம்பும்படி ஒரு வரியும் சேர்க்க வேண்டும்.

502-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், உங்களை அதிகம் வதைத்தது அதுதான். 502 என்றால் என்ஜின்எக்ஸ் நலமாக இருக்கிறது, உள்ளே இருப்பவரிடம் பேச முடியவில்லை என்று பொருள். ஆகவே 502 வந்ததும் என்ஜின்எக்ஸ் கோப்பைத் திருத்தத் தொடங்காதீர்கள். முதலில் குனிகார்ன் ஓடுகிறதா என்று சிஸ்டம்டியைக் கேளுங்கள். ஓடவில்லை என்றால் அந்த சர்வீஸின் ஜர்னல் எனும் பதிவேட்டில் காரணம் எழுதியிருக்கும். தொகுதி ஒன்று நிறுவப்படவில்லை, சூழல் கோப்பைப் படிக்க முடியவில்லை, கடவுச்சொல் தப்பு என்று ஏதாவது ஒன்று. ஓடிக்கொண்டிருந்தும் 502 வந்தால் என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவைப் பாருங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்றிருந்தால் போர்ட் எண் பொருந்தவில்லை. உள்ளே இருப்பவர் பாதியில் இணைப்பை மூடிவிட்டார் என்றிருந்தால் கதை வேறு. குனிகார்ன் தன் வேலையாளுக்கு இயல்பாகக் கொடுக்கும் கெடு 30 விநாடி. என்ஜின்எக்ஸ் காத்திருக்கும் கெடு 60 விநாடி. சித்தப்பா இருபது படங்களை ஒரே தடவையில் ஏற்றி, அவற்றைச் சிறிதாக்க 40 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ஆவது விநாடியில் குனிகார்ன் அந்த வேலையாளைக் கொன்றுவிடும். என்ஜின்எக்ஸுக்குக் கிடைப்பது பாதியில் அறுந்த இணைப்பு, அதனால் நேரம் தாண்டியதைக் குறிக்கும் 504 வராமல் 502 வருகிறது. கெடுவைக் கூட்டுவது தற்காலிக மருந்து. படம் சிறிதாக்கும் வேலையைப் பின்னணிக்குத் தள்ளுவதே சரியான வழி.

413-க்கு வருவோம். அது என்ஜின்எக்ஸின் சொந்த முடிவு. கோரிக்கை ஜாங்கோ வரை போகவே இல்லை. கோரிக்கையின் உடல் 1 எம்பிக்கு மேல் இருந்தால் இயல்பாகவே மறுத்துவிடும். இன்றைய கைபேசியில் எடுத்த ஒரு கல்லின் படமே 4, 5 எம்பி வருகிறது. 'க்ளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற வரியை உங்கள் சர்வர் தொகுதிக்குள் 20 எம்பி என்று வையுங்கள், போதும். அப்புறம், ஏற்றிய படத்தை அப்படியே வாடிக்கையாளருக்குக் காட்டாதீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றி வார்த்ததால் அந்தக் கல்லுக்கு வரும் பளபளப்பு 200 கேபி படத்திலும் நன்றாகவே தெரியும். பேருந்தில் போய்க்கொண்டே கைபேசியில் பார்க்கிறவருக்கு 5 எம்பி படம் திறப்பதற்குள் சிக்னலே போய்விடும்.

தளம் வெறும் எழுத்தாகத் தெரிந்தது, நிறமும் அமைப்பும் தரும் சிஎஸ்எஸ் கோப்புகள் வராததால். பிழை கண்டறிய உதவும் டீபக் முறையை நிறுத்தியதும் ஜாங்கோ சிஎஸ்எஸ் போன்ற மாறாத ஸ்டேடிக் கோப்புகளைப் பரிமாறுவதை நிறுத்திவிடும். நிறுத்தியது சரிதான், டீபக் திறந்திருந்தால் பிழை வரும்போது உங்கள் நிரலின் உள்விவரங்கள் எல்லாம் உலகத்துக்குத் தெரியும். 'கலெக்ட்ஸ்டேடிக்' கட்டளையால் எல்லா ஸ்டேடிக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் சேர்த்து, அதை நேராக என்ஜின்எக்ஸிடம் கொடுங்கள். முகப்பிலேயே முடிந்துவிடுகிற வேலைக்கு வளவை எழுப்ப வேண்டாம். அந்தக் கோப்புறை உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருந்தால் அனுமதி இல்லை என்ற 403 வரும். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகளின் அனுமதி 750, அதாவது மற்றப் பயனர்களுக்கு அனுமதியே இல்லை. என்ஜின்எக்ஸ் ஓடும் பயனர் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. இதற்காக ஹோம் கோப்புறைக்கு, யாரும் எதையும் மாற்றலாம் என்ற 777 அனுமதி கொடுக்கச் சொல்வார்கள், கொடுத்துவிடாதீர்கள். கோப்புகளை 'எஸ்ஆர்வி' கோப்புறைக்குக் கொண்டுபோங்கள்.

இதே இடத்தில் ஒரு சாய்கோட்டுக்கு இருக்கிற வலிமையையும் சொல்லியாக வேண்டும். 'லொகேஷன்' வரியில் ஸ்டேடிக் என்ற பாதையின் முடிவில் சாய்கோடு இல்லாமல், அதற்குள் வரும் 'அலையஸ்' பாதையின் முடிவில் மட்டும் சாய்கோடு வைத்தால், முகவரியில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு படி மேலே உள்ள கோப்புறைக்குள் நுழைய முடியும். அங்கேதான் உங்கள் ரகசியச் சாவி இருக்கலாம். இரண்டிலும் சாய்கோடு இருக்கட்டும்.

எச்டிடிபிஎஸ் சான்றிதழுக்குக் காசு கொடுக்க வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, செர்ட்பாட் என்ற நிரல் அதை வாங்கி என்ஜின்எக்ஸில் பொருத்தியும் விடும். முதலில் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் உங்கள் தளப்பெயர் சர்வரின் ஐபியைக் காட்ட வேண்டும், அதன் பிறகே இதைத் தொடங்குங்கள். சான்றிதழின் ஆயுள் அதிகம் போனால் 90 நாள். செர்ட்பாட் தானாகப் புதுப்பிக்கும், புதுப்பிக்க வழி இருந்தால். தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு நான் அமைத்த தளத்தில், எல்லாம் எச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதே, 80 எதற்கு என்று ஃபயர்வாலில் அதை மூடிவிட்டேன். செர்ட்பாட் அங்கே சரிபார்த்துக்கொண்டிருந்த முறைக்கு 80 திறந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் சான்றிதழ் காலாவதியாகி, கண்டாங்கிச் சேலை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இந்தத் தளம் ஆபத்தானது என்ற சிவப்பு எச்சரிக்கை காட்டியது. அந்த வாரத்து விற்பனை அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சான்றிதழ் வாங்கிய அன்றே செர்ட்பாட்டின் ஒத்திகைப் புதுப்பித்தலை ஓட்டிப் பாருங்கள். ஃபயர்வாலைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

ஃபயர்வால் என்றதும் இன்னொன்று. உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவை இயக்கும் முன் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வெளியே பூட்டப்படுவீர்கள். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பை மட்டும் வையுங்கள்.

தரவுத்தளத்தில் தமிழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் உருவாக்கினால் எல்லாத் தமிழும் தங்கும். நாளை யாராவது மைஎஸ்க்யூஎல் கேட்டால் அங்கே 'யுடிஎஃப்8எம்பி4' என்பதையே தேர்ந்தெடுங்கள். அதன் பழைய 'யுடிஎஃப்8' ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். வழக்கமான தமிழ்க் குறிகள் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் முதலில் தவறு தெரியாது. வாடிக்கையாளர் ஓர் எமோஜி போட்டதும் பிழை வரும். நம் ஊர்ப் பழைய கணக்கேடுகளில் இருக்கும் மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தன. அவையும் நான்கு பைட்தான். அப்புறம் வாடிக்கையாளர் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும்போது மொழிக்கேற்ப அடுக்கும் ஐசியு வரிசை முறையில் தமிழைச் சொல்லுங்கள். வெறும் குறி எண்ணை வைத்து அடுக்கினால் றகரம் லகரத்துக்கு முன்னாலும், னகரம் பகரத்துக்கு முன்னாலும் வந்து நிற்கும். பெயர்ப் பட்டியலைப் பார்க்கிற பெரியவர்களுக்கு அது உடனே உறுத்தும்.

வாடகை எதற்கு, பட்டறையிலேயே ஒரு பழைய கணினியைச் சர்வராக வைத்துவிடலாமா என்று சித்தப்பா கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில் தளமும் நிற்கும். வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரியும் கிடைப்பதில்லை. மும்பையிலோ பெங்களூரிலோ உள்ள தரவு மையத்தில் சின்னச் சர்வரை வாடகைக்கு எடுப்பதுதான் நிம்மதி.

ஆனால் பட்டறைக் கணினிக்கு ஒரு நல்ல வேலை உண்டு. தினமும் இரவு தரவுத்தளத்தின் பிரதியையும் ஏற்றிய படங்களையும் அது சர்வரிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளட்டும். அதே சர்வரில் கிடக்கும் பிரதி, சர்வர் போனால் கூடவே போய்விடும். சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டிய வேலையை அங்கே முந்தைய இரவு 8.30 என்று குறிக்க வேண்டும். 2 என்றே போட்டால் காலை 7.30-க்கு ஓடும். முதல் வாரத்திலேயே அந்தப் பிரதியை எடுத்து லேப்டாப்பில் ஒரு வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றி, கடைசி ஆர்டர் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்று மாலை உட்கார்ந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் குனிகார்ன் சர்வீஸ், பிறகு ரீபூட் சோதனை, அதன் பின் என்ஜின்எக்ஸ், ஸ்டேடிக் கோப்புகள், சான்றிதழ். ஒன்று முழுதாக ஓடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கடைசியில் ஜாங்கோவின் 'செக்' கட்டளையை 'டிப்ளாய்' தெரிவுடன் ஓட்டினால், பாதுகாப்பில் நீங்கள் விட்டதை அதுவே பட்டியலிட்டுக் காட்டும். அதற்குப் பிறகும் 502 வந்தால், குனிகார்ன் சர்வீஸின் ஜர்னலில் கடைசி 30 வரிகளையும், என்ஜின்எக்ஸ் பிழைப் பதிவில் கடைசி 10 வரிகளையும் அனுப்புங்கள். கடவுச்சொல் ஏதும் அதில் இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.